புள்ளிகளில் எடுத்த விமானச்சீட்டை உயர் வகுப்புக்கு மாற்றுவது எப்படி?

ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் பிள்ளை, கடனட்டையிலும் விமானப் பயணங்களிலும் சேர்த்த புள்ளிகளைக் கொண்டு யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் எக்கொனமி வகுப்பில் சீட்டு எடுத்து அனுப்புவது இப்போது வழக்கமாகிவிட்டது. சீட்டை எடுத்து முடித்த பிறகுதான், இந்த வயதில் இவ்வளவு நேரம் நிமிர்ந்தபடி இருந்து வருவார்களா என்ற கவலை பிள்ளையைப் பிடிக்கிறது. கணக்கில் இன்னும் புள்ளிகள் மிச்சம் இருந்தால், அவற்றைக் கொடுத்து பிஸ்னஸ் வகுப்புக்கு மாற்றலாமா என்ற கேள்வி வருகிறது. மாற்றலாம், ஆனால் பலர் நினைக்கும் வழியில் அல்ல.

காசு கொடுத்து வாங்கிய சீட்டைப் புள்ளிகளால் உயர்த்துவது வேறு, புள்ளிகளாலேயே எடுத்த சீட்டை உயர்த்துவது வேறு. முதலாவதற்கு ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் தனியான திட்டம் வைத்திருக்கின்றன. இரண்டாவதற்குப் பெரும்பாலும் அப்படி ஒரு திட்டமே இல்லை. பிரிட்டிஷ் எயர்வேஸ் இணையத்தளத்தில் 'ஏவியோஸ் (அந்நிறுவனத்தின் புள்ளி) கொண்டு உயர்த்துங்கள்' என்று காணப்படுவதும், சிங்கப்பூர் எயர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் திட்டத்தில் வகுப்பு உயர்த்துவதற்கென இருக்கும் மைல் (அங்கே புள்ளிக்குப் பெயர் மைல்) அட்டவணையும் காசுச் சீட்டுக்கு உரியவை. புள்ளிச் சீட்டைப் பொறுத்தவரை நடப்பது ஒரு மாற்றீடு: பழைய எக்கொனமி ஆசனத்தைத் திருப்பிக் கொடுத்து, அதே விமானத்தில் பிஸ்னஸ் வகுப்புக்கான புள்ளி ஆசனம் ஒன்றை எடுத்து, இரண்டுக்கும் இடையிலான புள்ளி வித்தியாசத்தையும் வரி வித்தியாசத்தையும் மாற்றுக் கட்டணத்தையும் கட்டுகிறோம். இதை விளங்கிக்கொண்டால் அடுத்து எதைத் தேடவேண்டும் என்பது தானாகத் தெளிவாகும். உயர் வகுப்பில் புள்ளிக்குக் கொடுக்கப்படும் ஆசனம் அந்த நாளில், அந்த விமானத்தில் திறந்திருக்கிறதா என்பதே முழு விடயமும்.

ஆசனம் காலியாக இருப்பதும் புள்ளிக்குத் திறந்திருப்பதும் ஒன்றல்ல. இணையத்தளத்தின் ஆசன வரைபடத்தில் பிஸ்னஸ் வகுப்பில் இருபது இருக்கைகள் வெறுமையாகத் தெரிந்தாலும், அவற்றில் ஒன்றுகூடப் புள்ளிக்கு ஒதுக்கப்படாமல் இருக்கலாம். விமான நிறுவனங்கள் ஒவ்வொரு வகுப்பையும் பல விலைத் தட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு தட்டுக்கும் ஆங்கில எழுத்து ஒன்றைக் கொடுத்து வைத்திருக்கின்றன. புள்ளி ஆசனங்களுக்கும் அவ்வாறே தனி எழுத்து உண்டு. விமான நிறுவனங்களின் கூட்டணிகளில் ஒன்றான வன்வேர்ள்டின் பல நிறுவனங்களில் பிஸ்னஸ் புள்ளி ஆசனத்தின் எழுத்து 'யு', எக்கொனமிக்கு 'எக்ஸ்'. இன்னொரு கூட்டணியான ஸ்டார் அலையன்ஸில் பிஸ்னஸுக்கு 'ஐ', எக்கொனமிக்கு 'எக்ஸ்'. தொலைபேசியில் கதைக்கும்போது 'பிஸ்னஸில் இடம் இருக்கிறதா' என்று கேட்டால் 'இருக்கிறது' என்ற பதில் வந்து, பின்னர் காசு விலையைச் சொல்வார்கள். 'ஐ வகுப்பில் இரண்டு ஆசனம் இருக்கிறதா' என்று எழுத்தைச் சொல்லிக் கேட்டால் பேச்சு நேராக விடயத்துக்கு வரும்.

இதைத் தேடுவதற்கு இலகுவான வழி, எக்கொனமிச் சீட்டு எடுத்த அதே இணையத்தளத்தில் அதே நாளுக்கு, பயணிகளின் எண்ணிக்கையைச் சரியாகக் கொடுத்து, பிஸ்னஸ் வகுப்பில் புதிதாகச் சீட்டு எடுப்பவரைப் போலத் தேடிப் பார்ப்பதுதான். இருவருக்கு எனத் தேடி ஒன்றும் வராவிட்டால், ஒருவருக்கு எனத் தேடிப் பாருங்கள். ஓர் ஆசனம் மட்டும் திறந்திருந்தால், முழங்கால் வருத்தம் உள்ளவரை அங்கே இருத்தி மற்றவரை எக்கொனமியில் விடலாமா என்பது குடும்பத்துக்குள் பேசித் தீர்க்கவேண்டிய விடயம். ஆனால் ஆங்கிலம் தெரியாத அம்மாவையும் அவருக்காகக் கதைக்கும் அப்பாவையும் வெவ்வேறு பகுதிகளில் இருத்துவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

சீட்டை வழங்கியவர் யார்?

அடுத்ததாகப் பார்க்கவேண்டியது சீட்டின் இலக்கம். மின்சீட்டில் 13 இலக்கங்கள் கொண்ட ஓர் எண் இருக்கும். அதன் முதல் மூன்று இலக்கங்கள் சீட்டை வழங்கிய நிறுவனத்தைக் காட்டும். 603 என்றால் ஸ்ரீலங்கன், 157 என்றால் கட்டார், 176 எமிரேற்ஸ், 125 பிரிட்டிஷ் எயர்வேஸ், 618 சிங்கப்பூர், 014 எயர் கனடா, 607 எத்திஹாட். கட்டுநாயக்கவில் ஏறப்போவது எத்திஹாட் விமானம் என்றாலும், மகன் எயர் கனடாவின் ஏரோபிளான் புள்ளிகளில் எடுத்திருந்தால் சீட்டு 014 என்றுதான் தொடங்கும். அப்படியானால் வகுப்பை மாற்றும் அதிகாரம் எயர் கனடாவிடமே இருக்கிறது. எத்திஹாட்டின் கொழும்பு அலுவலகத்துக்கு ஆளை அனுப்புவதிலும் அவர்களுடைய இலக்கத்தில் மணிக்கணக்காகக் காத்திருப்பதிலும் பயன் இல்லை.

கூட்டாளி நிறுவனத்தின் விமானத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பல நிறுவனங்கள் தம் சொந்த உறுப்பினர்களுக்குத் திறந்துவிடும் பிஸ்னஸ் ஆசனங்களைக் கூட்டாளிகளின் உறுப்பினர்களுக்குத் திறப்பதில்லை. சிங்கப்பூர் எயர்லைன்ஸ் இதில் நன்கு அறியப்பட்டது. அதன் நீண்ட தூர பிஸ்னஸ் ஆசனங்கள் கிரிஸ்ஃபிளையர் உறுப்பினருக்குத் தெரியும், ஸ்டார் அலையன்ஸின் வேறொரு திட்டத்தில் தேடுபவருக்குப் பெரும்பாலும் தெரியாது. ஆகவே 'என் சிநேகிதனின் கணக்கில் தெரிகிறது, எனக்கு ஏன் தெரியவில்லை' என்று முறையிடுவதில் பொருளில்லை.

எயர் கனடாவின் உயர்நிலை உறுப்பினராக மகன் இருந்தால் அவருக்கு மட்டும் ஒரு தனி வழி உண்டு. அந்த நிலையில் உள்ளவர்களுக்கு வழங்கப்படும் 'ஈ-அப்கிரேட்' வரவுகளை, புள்ளிகளில் எடுத்த எயர் கனடா விமானங்களுக்கும் பயன்படுத்தலாம். ஆனால் அது பயணத்தில் எயர் கனடா தானே ஓட்டும் கட்டத்துக்கு, அதாவது அந்தத் தனிப் பறப்புக்கு, மட்டுமே பொருந்தும். கொழும்பில் இருந்து அபுதாபி வரை போகும் கட்டத்துக்கு அல்ல.

இந்த விடயத்தில் கணக்கு யாருடையதோ அவரே பேசவேண்டும். பயணி அம்மாவாக இருந்தாலும், புள்ளிக் கணக்கு மகளுடையதாக இருந்தால் பாதுகாப்புக் கேள்விகள் மகளிடம்தான் கேட்கப்படும். யாழ்ப்பாணத்தில் இருப்பவர் செய்யக்கூடியது, கடவுச்சீட்டில் உள்ளபடி பெயரையும் சீட்டின் எண்ணையும் சரிபார்த்து அனுப்புவதும், எந்த நாளில் போனால் வசதி என்பதில் சற்று இளக்கம் காட்டுவதும்தான். ரொறன்ரோ கோடையில் நம்மைவிட ஒன்பதரை மணித்தியாலமும், பனிக்காலத்தில் பத்தரை மணித்தியாலமும் பின்னால் இருக்கிறது. லண்டன் நான்கரை அல்லது ஐந்தரை. புள்ளி ஆசனம் சில மணித்தியாலங்களில் மறைந்துவிடக்கூடியது என்பதால், 'சரி, எடு' என்று சொல்லவேண்டியவர் நித்திரையில் இருக்கும் நேரத்தில் ஆசனம் வந்தால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது.

எந்தக் கட்டத்தை உயர்த்துவது?

பலாலியில் இருந்து சென்னைக்கோ திருச்சிக்கோ போகும் விமானங்களைப் பற்றி இங்கே யோசிக்கவேண்டியதில்லை. அலையன்ஸ் எயரும் இண்டிகோவும் இந்தத் தடத்தில் பயன்படுத்தும் ஏடிஆர் விமானங்களில் ஒரே வகுப்புத்தான் இருக்கிறது. பறக்கும் நேரமும் குறைவு. பலாலி ஊடாகச் சென்னை போய் அங்கிருந்து லண்டன் செல்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்கவேண்டும். இரண்டும் தனித்தனிச் சீட்டுகளாக இருந்தால், லண்டன் விமானத்தில் பிஸ்னஸ் வகுப்புக்கு மாறினாலும் முதல் விமானத்தின் பொதி எல்லை அதிகரிக்காது. சென்னையில் பொதியை எடுத்து மறுபடி கொடுக்கவேண்டி வந்தால் இந்திய விசாவும் தேவைப்படும்.

பெரும்பாலானோர் கட்டுநாயக்க ஊடாகவே போகிறார்கள். அங்கிருந்து வளைகுடா நாடொன்றுக்கு ஏறக்குறைய நான்கரை முதல் ஐந்து மணித்தியாலம். டோஹாவில் இருந்து லண்டனுக்கு ஏழு மணித்தியாலம் அளவில். துபாயில் இருந்து ரொறன்ரோவுக்குப் பதினான்கு மணித்தியாலம் அளவில். உயர்த்த வேண்டுமென்றால் இரண்டாவது கட்டத்தைத்தான் உயர்த்தவேண்டும் என்று உடனே தோன்றும். ரொறன்ரோ விடயத்தில் அது முற்றிலும் சரி. ஆனால் லண்டனுக்குப் போகும்போது எது இரவுப் பறப்பு என்று பாருங்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து பேருந்திலோ வாகனத்திலோ நானூறு கிலோமீற்றர் அளவு வந்து, விடியப்புறம் மூன்று, நான்கு மணிக்குப் புறப்படும் விமானத்தில் ஏறுபவருக்கு, படுத்து உறங்கக்கூடிய முதல் ஐந்து மணித்தியாலம், பகலில் போகும் அடுத்த ஏழு மணித்தியாலத்தைவிடப் பெறுமதியாக இருக்கலாம். பிஸ்னஸ் பயணிக்குக் கட்டுநாயக்கவில் ஓய்வறையும் கிடைக்கும் என்பதையும் இதனோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு கட்டத்தை மட்டும் உயர்த்தலாமா என்பது திட்டத்தைப் பொறுத்தது. பிரிட்டிஷ் எயர்வேஸைப் போல ஒவ்வொரு பறப்புக்கும் தனித்தனியே புள்ளி கணக்கிடும் திட்டங்களில் இது நியாயமாக முடியும். தொடக்க இடத்துக்கும் முடிவிடத்துக்கும் இடையே ஒரே விலை வைத்திருக்கும் சில திட்டங்களில், ஒரு கட்டம் பிஸ்னஸானாலும் பயணம் முழுவதற்கும் பிஸ்னஸ் புள்ளிகள் கழிக்கப்படும். அவ்வாறான திட்டத்தில் குறுகிய கட்டம் மட்டும் பிஸ்னஸில் கிடைத்து நீண்ட கட்டம் எக்கொனமியிலேயே நின்றால், முழுப் புள்ளியையும் கொடுத்துக் கால் பங்கு வசதியைப் பெற்றதாகவே முடியும், அதற்கு ஒத்துக்கொள்ளவேண்டாம்.

விமான வகையையும் பாருங்கள். 'பிஸ்னஸ்' என்ற ஒரே பெயரில் வெவ்வேறு ஆசனங்கள் விற்கப்படுகின்றன. ஸ்ரீலங்கனின் ஏ330-300 விமானத்தில் பிஸ்னஸ் ஆசனம் படுக்கையாக விரியும். அதே நிறுவனத்தின் ஏ320, ஏ321 விமானங்களில் அது சாயும் ஆசனம் மட்டுமே. இரண்டு மூன்று மணித்தியாலப் பறப்பில் அகலமான சாய்கதிரை ஒன்றுக்காகப் புள்ளிகளைச் செலவழிப்பது எனக்கு வீணாகவே படுகிறது.

புள்ளியும் வரியும்

ஒரு கணக்கைக் கற்பனையாகப் போட்டுப் பார்ப்போம். எக்கொனமிக்கு 35,000 புள்ளி, பிஸ்னஸுக்கு 80,000 புள்ளி, வரியும் கட்டணங்களும் 250 டொலர் கூடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 45,000 புள்ளி. காசாகக் கொடுத்து இதே மாற்றத்தைச் செய்ய 900 டொலர் ஆகும் என்றால், 900இல் இருந்து 250ஐக் கழித்து, வரும் 650 டொலரை 45,000ஆல் வகுக்கவேண்டும். ஒரு புள்ளிக்கு 1.4 சதம் அளவில் வரும். அதே புள்ளிகளை எக்கொனமிச் சீட்டுக்குப் பயன்படுத்தும்போது கிடைக்கும் பெறுமதியோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால், மாற்றுவது பலனா நட்டமா என்பது தெரியும். காசு விலையாக நிறுவனம் எழுதிவைத்திருக்கும் பென்னம்பெரிய தொகையை இந்தக் கணக்கில் போடக்கூடாது. நீங்கள் உண்மையில் கொடுக்கத் தயாராக இருக்கும் தொகையையே போடவேண்டும். அந்த 45,000 புள்ளியில் இன்னொருவருக்கு எக்கொனமிச் சீட்டே எடுக்கலாம் என்பதையும் மறக்கக்கூடாது. 'எனக்குப் படுக்கை வேண்டாம், தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வரட்டா' என்று கேட்கும் அம்மாக்கள் இங்கே நிறைய உண்டு.

வரியைப் பற்றி ஒரு விடயம் பிரித்தானியாவில் உள்ளவர்களுக்கு முக்கியமானது. அந்நாட்டில் இருந்து புறப்படும் விமானப் பயணிகளுக்கு விதிக்கப்படும் வரி, விமானத்தின் மிகக் குறைந்த வகுப்புக்கு ஒரு வீதமும் அதற்கு மேற்பட்ட வகுப்புகளுக்கு அதன் இரு மடங்குக்கும் அதிகமான வீதமும் கொண்டது. புள்ளிச் சீட்டுக்கும் இது பொருந்தும். ஆனால் பிரித்தானியாவில் இருந்து புறப்படும்போது மட்டுமே விதிக்கப்படுவதால், கொழும்பில் இருந்து லண்டன் போகும் வழியை உயர்த்தும்போது இந்தச் செலவு வராது. இரு வழிகளில் ஒன்றைத்தான் உயர்த்த முடியும் என்றால், போகும் வழியை உயர்த்துவதற்கு இது ஒரு காரணம். வரியைத் தவிர, எரிபொருளின் பெயரால் நிறுவனமே விதிக்கும் மேலதிகக் கட்டணமும் பல இடங்களில் பிஸ்னஸ் வகுப்புக்குக் கூடுதலாக இருக்கும்.

கடனட்டைப் புள்ளிகளை விமானத் திட்டத்துக்கு மாற்றித்தான் வித்தியாசத்தைக் கட்டவேண்டும் என்ற நிலை இருந்தால், ஆசனம் திறந்திருப்பதைக் கண்ணால் காணும்வரை மாற்றவேண்டாம். ஒருமுறை மாற்றிய புள்ளி திரும்பி வங்கிக்குப் போகாது.

எப்போது தேடுவது?

புள்ளி ஆசனங்கள் இரண்டு காலங்களில் அதிகம் தென்படும். ஒன்று, பயணத்துக்கு ஏறக்குறைய ஓர் ஆண்டுக்கு முன்னர், அட்டவணை திறக்கும் நாட்கள். பிரிட்டிஷ் எயர்வேஸ் 355 நாட்களுக்கு முன்னரே திறக்கிறது, தன் நீண்ட தூர விமானம் ஒவ்வொன்றிலும் பிஸ்னஸில் 4, பிரீமியம் எக்கொனமியில் 2, எக்கொனமியில் 8 எனக் குறைந்தபட்ச எண்ணிக்கையைப் புள்ளிக்கு ஒதுக்குவதாகவும் அறிவித்திருக்கிறது. சென்னைக்கும் லண்டனுக்கும் இடையில் பறப்பவருக்கு இது பயன்படும். மற்றது, பயணத்துக்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்கள்; விற்காமல் மிஞ்சிய பிஸ்னஸ் ஆசனங்களை நிறுவனங்கள் அப்போது புள்ளிக்குத் திறந்துவிடுவதுண்டு. ஏற்கெனவே எக்கொனமிச் சீட்டு கையில் உள்ளவருக்கு இந்த இரண்டாவது காலமே பொருத்தமானது, ஏனெனில் ஆசனம் வராவிட்டாலும் பயணம் நிற்காது.

திசையையும் கணக்கில் எடுங்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் கனடா, ஐரோப்பியப் பாடசாலை விடுமுறையும் ஒரே காலத்தில் வருவதால், ஆடி மாதத்தில் ஊர் நோக்கி வரும் விமானங்கள் நிறைந்து வருகின்றன. ஆவணி கடைசியில் அதே கூட்டம் திரும்பிப் போகிறது. அந்தக் கூட்டத்துக்கு எதிர்த் திசையில், அதாவது ஆடித் தொடக்கத்தில் கொழும்பில் இருந்து வெளியே போகும் பெற்றோருக்கு உயர் வகுப்பு ஆசனம் கிடைக்கும் வாய்ப்பு ஒப்பீட்டளவில் கூட. திருவிழா முடிந்து பிள்ளைகளோடு சேர்ந்தே போகலாம் என்று ஆவணிக்கு ஒத்திவைத்தால் அந்த வாய்ப்பு சுருங்கிவிடும்.

ஆசனம் இல்லாவிட்டால் சில திட்டங்களில் காத்திருப்புப் பட்டியலில் பெயர் கொடுக்கலாம். கிரிஸ்ஃபிளையர் அவற்றில் ஒன்று. ஆனால் எக்கொனமியில் உறுதிப்படுத்திய பதிவு ஒன்று இருக்க, அதே பெயரில் அதே விமானத்தில் இரண்டாவது பதிவை நீங்களாகப் போட்டுவைக்காதீர்கள். ஒரே ஆளுக்கு இரட்டைப் பதிவு இருப்பதைக் கணினி கண்டால் ஒன்றை இரத்துச் செய்துவிடும். எதை இரத்துச் செய்யும் என்பது உங்கள் கையில் இல்லை. ஏற்கெனவே உள்ள பதிவோடு சேர்த்துக் காத்திருப்பில் போடும்படி தொலைபேசியில் கேட்டுச் செய்விப்பதே பாதுகாப்பு.

மாற்றும் நாளில்

ஆசனம் தெரிந்தவுடன் பதிவிலக்கம், 13 இலக்கச் சீட்டெண், விமான இலக்கமும் திகதியும், வரி கட்டும் அட்டை ஆகியவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழையுங்கள். முதலில் கேட்கவேண்டியது, பழைய ஆசனத்தை விடுவதற்கு முன்னரே புதிய ஆசனத்தைப் பிடித்துத் தருவார்களா என்பது. சில திட்டங்களில் நேரடி மாற்றம் இல்லை. பழையதை இரத்துச் செய்து புதிதாக எடுக்கச் சொல்வார்கள். அப்படிச் செய்யவேண்டி வந்தால், இரண்டாவது சீட்டுக்கு முழுப் புள்ளியும் கணக்கில் இருக்கும்போதே முதலில் புதியதை எடுத்துப் பிறகு பழையதை உடனடியாக இரத்துச் செய்வது நல்லது. இரட்டைப் பதிவு நேராதபடி, ஒரே அழைப்பில் முகவர் மூலமாக இரண்டையும் செய்விக்கலாம்.

இரத்துச் செய்வதில் ஒரு பொறி உண்டு. எமிரேற்ஸின் ஸ்கைவோர்ட்ஸ் மைல்களும் கிரிஸ்ஃபிளையர் மைல்களும் கணக்கில் சேர்ந்த நாளில் இருந்து ஏறக்குறைய மூன்று ஆண்டுகளில் காலாவதியாகும் வகையைச் சேர்ந்தவை. சீட்டு எடுத்தபோது உயிரோடிருந்த மைல், இரத்துச் செய்யும் நாளில் காலம் கடந்ததாக இருந்தால் திரும்பி வராமலே போகலாம். எடுத்த நாளில் கழிக்கப்பட்டவை எந்த ஆண்டு மைல்கள் என்பதைக் கணக்கில் பார்த்துவிட்டே இரத்துச் செய்யுங்கள்.

பதிவு மாறிவிட்டது என்று முகவர் சொன்னவுடன் அழைப்பை முடிக்கக்கூடாது. வகுப்பு மாறினால் சீட்டு மறுபடி வழங்கப்படவேண்டும். புதிய 13 இலக்க எண் வரும்வரை கையில் இருப்பது வெறும் பதிவு மட்டுமே. எண் வந்ததும், விமானத்தை ஓட்டும் நிறுவனத்தின் இணையத்தளத்தில் அவர்களுடைய பதிவிலக்கத்தைக் கொடுத்து, பெயரும் வகுப்பும் சரியாக வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். சீட்டு மறுபடி வழங்கப்படும்போது, முன்னர் தெரிவுசெய்த ஆசனம், சைவச் சாப்பாடு, சக்கர நாற்காலி ஆகிய கோரிக்கைகள் விழுந்துபோவது சாதாரணம். அவற்றை மீண்டும் போடவேண்டும்.

சக்கர நாற்காலியைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்லவேண்டும். அம்மாவால் நடக்க முடியாது, அதனால் பிஸ்னஸ் வேண்டும் என்று யோசிப்பவர்கள், சக்கர நாற்காலி உதவி எந்த வகுப்பிலும் இலவசம் என்பதை அறிந்துகொள்ளவேண்டும். விமானத்துக்குள் நடக்கக்கூடியவர், படியேற முடியாதவர், முற்றாக நடக்க முடியாதவர் என மூன்று நிலைகளில் அதைப் பதியலாம். 48 மணித்தியாலத்துக்கு முன்னர் அறிவித்தால் போதும். பயணத்தின் கடினம் நீண்ட நடையிலும் வரிசையிலும்தான் இருக்கிறது என்றால், ஒரு புள்ளியும் செலவில்லாமல் அது தீர்ந்துவிடும். இரவெல்லாம் காலைத் தொங்கப்போட்டால் வீங்கும் என்ற பிரச்சினைக்குத்தான் படுக்கை ஆசனம் உதவும்.

விமான நிலையத்தில் காசு கட்டி உயர்த்தும் வசதியை எல்லா நிறுவனங்களும் புள்ளிச் சீட்டுக்கு அனுமதிப்பதில்லை. ஏலம் கேட்டு உயர்த்தும் முறையிலும் புள்ளிச் சீட்டுகள் பெரும்பாலும் சேர்க்கப்படுவதில்லை. கூட்டாளித் திட்டத்தில் எடுத்த சீட்டுக்கு அது இன்னும் அரிது. கட்டுநாயக்கவில் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை, ஆனால் அதை நம்பி முன்னைய வழிகளை விட்டுவிடாதீர்கள். முகநூலில் 'குறைந்த விலையில் மைல் விற்கிறோம், பிஸ்னஸுக்கு மாற்றித் தருகிறோம்' என்று வரும் விளம்பரங்களின் பக்கம் போகவே வேண்டாம். உறுப்பினர் மைல்களை விற்பதை எல்லாத் திட்டங்களின் விதிகளும் தடுக்கின்றன. கண்டுபிடித்தால் சீட்டு இரத்தாகும், வயதானவர்கள் பெட்டியோடு விமான நிலையத்தில் நிற்கவேண்டி வரும். குடும்பத்துக்குள் புள்ளிகளைச் சேர்க்க நேர்மையான வழிகள் உள்ளன: ஏரோபிளானில் எட்டுப் பேர் வரை ஒரே குடும்பக் கணக்கில் சேரலாம்; கிரிஸ்ஃபிளையரில் உங்கள் மைல்களைப் பயன்படுத்த ஐந்து பேர் வரை பெயர் கொடுக்கலாம், அந்தப் பட்டியலில் அம்மாவையும் அப்பாவையும் முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.

திரும்பி வரும் வழியையும் உயர்த்தும் எண்ணம் இருந்தால், முதல் பறப்பு புறப்படுவதற்கு முன்னரே கேட்டுவிடுங்கள். ஒரு பகுதி பயன்படுத்திய புள்ளிச் சீட்டை மாற்றுவதற்குச் சில திட்டங்கள் தடை வைத்திருக்கின்றன. அனுமதிக்கும் திட்டங்களிலும் இணையத்தளத்தில் செய்ய முடியாமல் தொலைபேசியில்தான் செய்யவேண்டி வரும். போகும் வழிக்கும் வரும் வழிக்கும் தொடக்கத்திலேயே தனித்தனிப் பதிவாக ஒருவழிச் சீட்டுகள் எடுத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. இனிமேல் எடுக்கப்போகிறவர்கள், திட்டத்தில் ஒருவழிக்குப் பாதிப் புள்ளியே கேட்கிறார்கள் என்றால், அப்படியே எடுங்கள்.